ரவை, கடுகு, மிளகு

ஜூன் 4

மழை பிடித்துக்கொண்டது. கோவில்பட்டிக்காரியான எனக்கு இந்த வாக்கியத்தை எழுதவே கூச்சமாக இருக்கிறது. எங்கள் ஊரில் மழை வந்தால் வாசலுக்கு ஓடி வந்து நின்று பார்ப்போம், பார்த்து முடிப்பதற்குள் அது போய்விடும். இங்கே காலையில் பல் விளக்கும்போது பெய்த அதே மழை, சாப்பிடும்போதும் பெய்தது, இதோ எழுதும்போதும் பெய்கிறது. நடுவில் ஒரு மூச்சுகூட வாங்கவில்லை. துவைத்துப் போட்ட சேலை வந்த நாளிலிருந்து காயவில்லை. செருப்புக்குள் ரத்தம் குடிக்கும் அட்டை.

இடம் வால்பாறைக்கு மேலே தேனூத்து எஸ்டேட். தேயிலைத் தொழிற்சாலை மாடியில் எனக்கு ஓர் அறை கொடுத்திருக்கிறார்கள். எதிரே பள்ளத்தாக்கு. அதற்கு அப்பால் மொட்டைப்பாறை மலை, அதாவது மலை இருப்பதாகச் சொல்கிறார்கள், மேகத்தில் நான் இன்னும் பார்க்கவில்லை. அந்தச் சரிவின் காலடியில் எட்டாம் லைன், கொழுந்து பறிப்பவர்களின் வீட்டு வரிசை. பக்கத்துச் சரிவு சில வருஷங்களுக்கு முன்னால் பெயர்ந்து இறங்கியது. அங்கே வீடு இல்லை, பிழைத்தார்கள். அடுத்தது எட்டாம் லைன் சரிவோ என்று பயம். அதனால் மலை உச்சியில் ஒரு மழைமானி, மண்ணின் ஈரத்தையும் சாய்வையும் பார்க்கும் கருவிகள், ஒரு கேமரா. அவை சொல்வதை அங்கிருக்கும் தட்டு ஆன்டெனா நுண்ணலையாக அனுப்பும், என் தலைக்கு மேல் இருக்கும் தட்டு வாங்கிக்கொள்ளும். மண் அசைந்தால் தொழிற்சாலைச் சங்கு ஊத வேண்டும், லைன் ஆட்கள் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும்.

நல்ல ஏற்பாடுதான், ஒரே ஒரு குறை. மழை பலத்தால் நுண்ணலை வழியிலேயே தேய்ந்து செத்துப்போகிறது. எந்த மழையைப் பற்றிச் சொல்ல வைத்தார்களோ, அந்த மழையிலேயே ஊமையாகிவிடுகிறது. எவ்வளவு மழைக்கு எவ்வளவு சிக்னல் போகும் என்று கணக்கிட்டு, இணைப்பை அறாமல் நிறுத்துவது என் வேலை.

ஜூன் 7

சங்கு ஊதியது. மண் அசையவில்லை, இணைப்புதான் அறுந்தது. பத்து நிமிஷம் மலையிலிருந்து தகவல் இல்லை என்றால் எச்சரிக்கையாகச் சங்கு ஊத வேண்டும் என்று யாரோ முன்பே விதி போட்டு வைத்திருக்கிறார்கள். எட்டாம் லைன் முழுக்க, கைக்குழந்தைகளோடு, கொட்டும் மழையில் பள்ளிக்கூடத்துக்கு ஏறியது. ஒன்றும் நடக்கவில்லை. மழை குறைந்ததும் இணைப்பு தானாக வந்துவிட்டது.

ஜூன் 10

மறுபடி இரண்டு தடவை. இன்று ஸ்டெல்லாமேரி நேரே என் அறைக்கு வந்துவிட்டாள். கொழுந்துப் பெண்களுக்குச் சூப்பர்வைசர், எட்டாம் லைனில் முதல் வீடு. பிளாஸ்டிக் சாக்கைத் தலையில் கொங்காணியாகக் கவிழ்த்திருந்தாள், தரை முழுவதும் தண்ணீர்.

"மேடம், கோவிச்சுக்காதீங்க. எங்க லைன்ல பச்சப்புள்ளைங்க ரெண்டுக்குக் காய்ச்சல். ஒங்க மிசினுக்குச் சளி புடிச்சா நாங்க மழையில நனையணுமா? இனிமே சங்கு ஊதுனா மாதா நேர்ல வந்து சொன்னாத்தான் கெளம்புவோம்."

புலி வருது கதைதான். கதையில் கடைசியில் புலி வந்துவிடும்.

சாயங்காலம் உதவி மேனேஜர் குரியகோஸ் அந்த விதியையே எடுத்துவிட்டார். சங்குச் சாவியை என் மேஜையில் வைத்தார். "இனி நீங்க சொன்னா மட்டும் ஊதும் மேடம். ஆனா ஒண்ணு, இன்னொரு பொய்ச் சங்கு ஊதினா, அப்புறம் நிஜச் சங்குக்கு யாரும் வர மாட்டாங்க." இது எனக்குத் தெரியாதா?

எண்களை மட்டுமாவது வாக்கி-டாக்கி அலையில் அனுப்பலாமே என்று தலைமை அலுவலகத்தைக் கேட்டேன். அனுமதி வாங்க வேண்டுமாம். வாங்கிக்கொண்டே இருப்பார்கள்.

ஜூன் 13

துளிமானி செத்துவிட்டது. விழும் ஒவ்வொரு துளியும் எவ்வளவு பெரிது என்று அளக்கும் கருவி. உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது. மழையை அளக்க வந்தது மழையில் நனைந்து சாகிறது. சிரிப்பதா அழுவதா? மாற்றுக் கருவி தீபாவளிக்குள் வந்தால் அதிர்ஷ்டம்.

துளியின் அளவு இல்லாமல் என் கணக்கு நகராது. ஒரு டம்ளர் தண்ணீர் லட்சக்கணக்கான பொடித்துளியாகவும் விழலாம், சில ஆயிரம் பெருந்துளியாகவும் விழலாம். மழைமானிக்கு இரண்டும் ஒன்றுதான், நுண்ணலைக்கு ஒன்றே அல்ல. புத்தகத்தில் இருக்கும் துளிக் கணக்கு குளிர்தேசத்து மழைக்கு எழுதியது, அதை வைத்துக்கொண்டு இங்கே உட்கார்ந்திருப்பது கம்பளி போட்டுக்கொண்டு ஆனி வெயிலில் நிற்பது மாதிரி.

ஜூன் 15

மைதா வாங்கினேன். துளியை அளக்க நூறு வருஷத்துக்கு மேலான பழைய வழி. தட்டில் மாவைச் சலித்துப் பரப்பி, மேலே ஒரு மூடி போட்டு, மழையில் கொண்டு போய் ஒரு கணம் திறந்து மூட வேண்டும். ஒவ்வொரு துளியும் மாவுக்குள் விழுந்து தன் அளவுக்கு ஏற்ற உருண்டையாகிவிடும். காயவைத்து, சல்லடைகளில் சலித்து, எந்த அளவில் எத்தனை என்று பார்க்கலாம்.

காயவைக்க இந்த ஊரில் வெயில் ஏது? தொழிற்சாலையில் தேயிலை உலர்த்தும் அறையின் சூட்டில் வைத்தேன். தூளின் பக்குவம் பார்க்கும் டீமேக்கர் வந்து மோந்து பார்த்துவிட்டு, "இந்த மாசத் தூள்ல ரொட்டி வாசன வருதுன்னு ஏலத்துல திருப்பி அனுப்பப் போறான்" என்றார். எஸ்டேட் முழுக்க என் பெயர் மாவு மேடம் ஆகிவிட்டது.

ஜூன் 22

முதல் தட்டுகளைச் சலித்து முடித்தேன்.

இதை எப்படி எழுதுவது? வெளியே இரைச்சல், தகரக் கூரையில் பேச்சே கேட்காத மழை. ஆனால் சல்லடையில் நின்றது எல்லாம் ரவையும் கடுகும்தான். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. இவ்வளவு பெரிய மழை இவ்வளவு சிறியவற்றால் ஆனது! கடலிலிருந்து வந்த மேகம் மலை மேல் தவழ்ந்து ஏறும்போதே, துளி வளர நேரம் கொடுக்காமல் கொட்டிவிடுகிறது. கோடி கோடியாகப் பொடித்துளிகள். உருண்டைகளை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு கணம் பெய்த மழை என் கையில் உலர்ந்து கிடந்தது. சோறு ஆறிப் போனதுகூடத் தெரியவில்லை.

ஜூன் 29

அப்பாவிடம் பேசினேன். "ஏம்மா செண்பகம், அங்க மழையா?" என்றார். வேலையைப் பற்றிச் சொன்னேன். "மழைப்பேறும் பிள்ளைப்பேறும் மகாதேவனுக்கே தெரியாதும்பாக. நீ கணக்குப் போட்டுச் சொல்லப் போறியாக்கும்" என்று சிரித்தார். கொஞ்சம் கழித்து மறுபடி, "அங்க மழையா?" முதலில் சொன்னது கேட்கவில்லை போலிருக்கிறது. இந்த மழையில் டவர் அப்படித்தான்.

ஜூலை 6

மழைத்துளியை எல்லாரும் கண்ணீர்த்துளி மாதிரி வரைகிறார்கள், மேலே கூர், கீழே உருண்டை. மழை ஒரு நாளும் அப்படி விழுந்ததில்லை. பொடித்துளி கோலிக்குண்டு மாதிரி உருண்டை. பெரிதாகப் பெரிதாக, கீழிருந்து காற்று முட்டித் தள்ள, அடி தட்டையாகி, இட்லி மாதிரி ஆகிவிடும். வானத்திலிருந்து கோடி இட்லிகள் படுக்கைவசமாக இறங்குகின்றன. இதைப் படித்த நாளிலிருந்து இருபது வருஷமாக எனக்கு ஆச்சரியம் தீரவில்லை.

இதில் ஒரு லாபமும் இருக்கிறது. அகலமான துளியில் படுக்கைவசமாக ஆடும் அலை அதிகம் அடிபடும், நெட்டுக்குத்தாக ஆடும் அலை கொஞ்சம் தப்பிக்கும். நம் ஆன்டெனாத் தட்டுகளை யாரோ படுக்கைவசத்துக்குப் பொருத்தியிருக்கிறார்கள். திருப்பி வைத்தால் போதும். பொள்ளாச்சியிலிருந்து டவர் டெக்னீசியன் ஜாபரை வரச் சொன்னேன்.

ஜூலை 8

ஜாபர் மொட்டைப்பாறைத் தட்டைத் திருப்பினான், இணைப்பு மொத்தமாகப் போய்விட்டது. மழைகூட இல்லை.

ஜூலை 9

தப்பு என்னுடையதுதான். மேலே இருப்பதைத் திருப்பச் சொன்னேனே தவிர, அதே நேரம் இங்கே இருப்பதையும் திருப்ப வேண்டும் என்பதை மறந்துவிட்டேன். ஒன்று நின்றுகொண்டு பேச, மற்றது படுத்துக்கொண்டு கேட்டால் எப்படிக் கேட்கும்? ஜாபர் ஜீப்பில் மலையைச் சுற்றி வர அரை நாள்.

"மேடம், ரெண்டு பேரும் ஒரே மாதிரி நிக்கோணும்னு நேத்தே ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா, அட்டை கடிச்ச ரத்தமாச்சும் மிச்சமாயிருக்குமுங்க."

போகும்போது இரண்டு தட்டுகளின் மூடிகளிலும் கார் பாலிஷ் போட்டுத் தேய்த்துவிட்டான். மூடியில் படிந்து நிற்கும் தண்ணீர்ப்படலமும் அலையைக் குடிக்கும். இப்போது தண்ணீர் சேம்பிலையில் ஓடுவது போல் உருண்டு ஓடுகிறது.

ஜூலை 17

பேய்மழை, இணைப்பு அறாமல் நின்றது!

ஆகஸ்ட் 3

இந்தப் பருவத்தின் பெரிய மழை நேற்று. ஆறு பாலத்தைத் தொட்டது, வால்பாறை பஸ் வரவில்லை. திரையில் சிக்னல் இறங்கியது, இறங்கியது, நான் போட்ட கணக்கு எங்கே நிற்கும் என்று சொன்னதோ ஏறக்குறைய அங்கேயே வந்து நின்றது. கேமராவில் மொட்டைப்பாறையின் புல் மழையில் தலைகுனிந்து நிற்பது தெரிந்தது. மண் அசையவில்லை. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மைதாவில் உருண்ட கடுகுகளை எண்ணி ஒரு மலையின் மழைக்குள் எட்டிப் பார்க்க முடிகிறது!

ஸ்டெல்லாமேரியை வழியில் பார்த்தேன், கையிலிருந்த கடுகு உருண்டைகளைக் காட்டினேன். "இனி மழையில இணைப்பு அறாது, பயப்படாதீங்க" என்றேன்.

"பாப்போம், பாப்போம். மாவு மீந்தா குடுங்க மேடம், பசை காச்சணும்."

ஆகஸ்ட் 17

அப்பா போனில் மூன்று தடவை "அங்க மழையா?" என்றார். நடுவில் வெகுநேரம் பேச்சே இல்லை. ஹலோ ஹலோ என்று கத்தினேன். இங்கே டவர் சுத்த மோசம். தம்பி மனைவி போனை வாங்கி, "நல்லாத்தான் இருக்காக மதினி, சாப்பிட மட்டும் மறந்துர்றாக" என்றாள். வயதானால் பசி குறையும்.

செப்டம்பர் 14

வெயில்! மொட்டைப்பாறையை முழுசாகப் பார்த்தேன். இவ்வளவு பக்கத்தில், இவ்வளவு உயரத்தில் நின்றுகொண்டா இருந்தது? வெள்ளி நூலாக ஓர் ஓடை, அது நேரே எட்டாம் லைனுக்குப் பின்னால் இறங்குகிறது. லைனில் எல்லா வீட்டுப் போர்வையும் வெளியே காய்கிறது.

மாடியில் நின்று அப்பாவைக் கூப்பிட்டேன். "நீ இப்ப எந்த ஊர்ல இருக்க?" என்றார். வால்பாறைப்பா என்றேன். "ஆங், ஆமா. அங்க மழையா?" கேலி செய்கிறார். ஊர்ப்பக்கம் வராத மகளைக் குத்திக்காட்டுகிறார்.

அக்டோபர் 11

இன்று பெய்த மழையை என்னவென்று சொல்ல!

காலை முழுவதும் சுள்ளென்று வெயில். மதியத்துக்குமேல் தொழிற்சாலைக்குப் பின்னால் ஒரு மேகம் கோபுரமாக எழும்பியது. நான் பார்க்கப் பார்க்க எழும்பியது. இடி ஒன்று விழுந்ததும் கொட்டத் தொடங்கியது. கூலிச் சீட்டு விஷயமாக ஆபீசுக்கு வந்த ஸ்டெல்லாமேரி என் வராந்தாவில் ஒதுங்கினாள். நான் தட்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். தலையில் விழுந்த துளி ஒவ்வொன்றும் வலித்தது. அரைமணியில் எல்லாம் முடிந்து, வெயில் மறுபடி வந்துவிட்டது.

உருண்டைகள் காய்ந்ததும் அவளே சல்லடையை ஆட்டினாள். மேல் சல்லடையிலேயே கலகலவென்று நின்றுவிட்டன.

"என்ன மேடம் இது, மொளகு மாதிரி இருக்கு! ஆடியில காட்டுனது கடுகுல்ல?"

"கடுகுதான். இது வேற மழை. மேகம் பனிக்கட்டி உயரத்துக்கு எழும்பி, அங்கேயே துளியை வளர்த்து, ஒரேயடியாத் தள்ளுது."

அவள் நாலைந்தை உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தாள். வழக்கமான கேலி ஒன்றும் வரவில்லை. "இது மண்ணுல விழுந்தா குழி பறிக்குமே" என்று மட்டும் சொன்னாள். பெருந்துளி மண்ணைப் பெயர்க்கும் என்பது சரிதான்.

அக்டோபர் 12

கணக்கைப் புதிதாகப் போட்டேன், தலை சுற்றுகிறது. என் கணக்கு முழுவதும் ரவை, கடுகு மழைக்கு. மழைமானியில் அதே அளவு காட்டினாலும், மிளகு மழை நம் அலையை அதைவிட மிக அதிகமாகத் தின்கிறது. தட்டைத் திருப்பினாலும், பாலிஷ் போட்டாலும், இந்த மழை மலை மேல் பலத்தால் இணைப்பு தாங்காது. ஆகஸ்டில் நான் சொன்ன வாக்கு ஒரு பருவத்துக்கு மட்டும்தான் பொருந்தும்.

குரியகோஸிடம் சொன்னேன். "சரி பண்ணிட்டேன்னு சொன்னீங்களே மேடம்?" என்றார். வேறென்ன சொல்வார்?

அக்டோபர் 16

எல்லாம் முடிந்த பிறகு எழுதுகிறேன்.

மூன்று மணி இருக்கும். வெயில். மாடியில் என் சேலை காய்ந்துகொண்டிருந்தது. இரண்டு நாளாக மொட்டைப்பாறை மட்டும் மேகத்துக்குள். கீழே எட்டாம் லைனிலும் வெயில்தான், கூரைத் தகரங்கள் மின்னின. நான் தேநீர் ஆற்றிக்கொண்டே திரையைப் பார்த்தேன். சிக்னல் இறங்கிக்கொண்டிருந்தது.

மலையிலிருந்து கடைசியாக வந்த எண்கள்: மழைமானி அப்போதுதான் நகரத் தொடங்கியிருந்தது, மண்ணில் ஈரம் கொஞ்சம், சாய்வு இல்லை. கேமராவில் வெறும் சாம்பல். சிக்னல் மட்டும் கிணற்றில் வாளி விழுவது போல் விழுந்தது. நான் டம்ளரைக் கீழே வைப்பதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது.

முதலில் எனக்கு வந்தது எரிச்சல்தான். மறுபடியுமா! ஜூன் மாதத்து அசிங்கம் எல்லாம் ஞாபகம் வந்தது. மூடியில் தண்ணீரா, தட்டு அசைந்ததா, வயரா என்று வரிசையாக யோசித்தேன். ஒவ்வொன்றையும் இந்தக் கையால் சரி செய்தாயிற்று. நாலு மாதமாகத் தேடித் தேடி எல்லாக் குற்றவாளியையும் பிடித்து வெளியே தள்ளியாயிற்று. மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்று. நடுவானத்தில் இருக்கும் தண்ணீர்.

அப்போதுதான் உடம்பு சிலிர்த்தது. இத்தனை நாள் மழையிலிருந்து இழப்பைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தேன். கணக்கைத் திருப்பிப் போட்டால், இழப்பிலிருந்து மழை வருமே! ஊமையாகிவிட்டது என்று நான் திட்டிக்கொண்டிருந்த இணைப்பு ஊமையே இல்லை. அறுந்துபோவதன் மூலம்தான் அது இன்று பேசுகிறது. எண்கள் வரவில்லை என்பதுதான் இன்றைய எண்.

காகிதத்தில் போட்டேன். விழுந்த வேகம், மிளகுத் துளி, வழியில் பாதி தூரம் வெயில். பாதி வழியில் மட்டும் பெய்து இவ்வளவும் போயிருக்கிறது என்றால் மேலே எவ்வளவு மழை? வந்த எண்ணை நம்ப முடியாமல் இரண்டாம் தடவை போட்டேன். அதே எண். அப்படி ஒரு மழையை நான் காகிதத்தில்கூட எழுதியதில்லை. அவ்வளவும் அந்த வெள்ளி நூல் ஓடையின் தலையில் கொட்டிக்கொண்டிருக்கிறது, கீழே லைனில் போர்வை காய்கிறது. பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வீட்டுக்கு இறங்கும் நேரம்.

சங்குச் சாவியை எடுத்தேன். குரியகோஸ் வாசலில் நின்றார். "மேடம், வெளியே பாருங்க. வெயில். மண் அசைஞ்சதா தகவல் இருக்கா?"

"இல்ல. தகவலே இல்லாததுதான் தகவல்."

அவர் என்னைப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன். ஆனால் வழியை மறிக்கவில்லை. சங்கு ஊதினேன். அந்தச் சத்தம் பள்ளத்தாக்கு முழுவதும் உருண்டு போய் மலையில் முட்டித் திரும்பி வந்தது. ஜன்னல் வழியாக லைனைப் பார்த்தேன். வாசல்களில் ஆட்கள் வந்து நின்றார்கள், வானத்தை அண்ணாந்து பார்த்தார்கள், ஒருவர்கூட நகரவில்லை.

வாக்கி-டாக்கியில் ஸ்டெல்லாமேரியைக் கூப்பிட்டேன். லைனுக்குப் பக்கத்துக் கொட்டகையில் கொழுந்து எடை போட்டுக்கொண்டிருந்தாள். அந்த அலை ஆள் உயரத்தைவிட நீளம், மழைத்துளி எல்லாம் அதன் கண்ணிலேயே படாது. குரல் பக்கத்தில் நிற்பது போல் கேட்டது.

"என்ன மேடம், வெயில் அடிக்கிது, சங்கு ஊதுறீங்க? இங்க ஆளுங்க சிரிக்கிறாங்க. மிசினு திரும்பக் கெட்டுப்போச்சா?"

"மிஷின் கெடல ஸ்டெல்லா. மேல மழை. இணைப்பு அறுந்துபோச்சு."

"மழையில இனிமே அறாதுன்னு நீங்கதான சொன்னீங்க."

"கடுகு மழையில அறாது. இது மிளகு."

பின்னால் தராசுச் சங்கிலி ஆடும் சத்தம் மட்டும் கேட்டது.

"அன்னைக்கி என் கையில இருந்துச்சே, அந்த மொளகா?"

"அதேதான். அதைவிடப் பல மடங்கு."

வாக்கி-டாக்கியை அணைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. அவள் கத்தியது எல்லாம் எனக்குக் கேட்டது. "ஏய், எந்திரிங்கடீ! தராசக் கெடக்க விடு! அமலா, புள்ளைங்கள ரோட்டுலயே மறிச்சுத் திருப்பு, வீட்டுப்பக்கம் விடாத! தாத்தாவத் தூக்குங்கடா, கட்டிலோட தூக்குங்க! மாதாவே நேர்ல வந்து சொல்லிட்டா, போங்க!"

லைன் கலைந்து மேட்டில் ஏறியதை இங்கிருந்து பார்த்தேன். வெயிலில், குடைகூட இல்லாமல், ஒரு ஊர்வலம் மாதிரி போனார்கள். கடைசி ஆள் பள்ளிக்கூட வாசலில் நுழைந்த பிறகும் ஒன்றும் நடக்கவில்லை. குரியகோஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பொய்யாகவே இருக்கட்டும், நாளைக்கே பெட்டி கட்டிவிடுகிறேன் என்று நினைத்தேன். அதே நினைப்பின் பாதியில், ஓடையின் நிறம் மாறியதைப் பார்த்தேன்.

வெள்ளி நூல் செம்மண் கயிறாகியது. மலைக்குள்ளிருந்து ஒரு சத்தம், ரயில் பாலத்தில் ஏறுவது மாதிரி. பிறகு சரிவு நடந்து வந்தது. வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை. தேயிலைச் செடிகள் நின்றபடியே, வரிசை கலையாமல், கீழே நடந்து வந்தன. லைனின் இந்த முனையில் இருக்கும் முதல் வீடுகளுக்குள் புகுந்து, பெருமூச்சு விட்ட மாதிரி நின்றது.

அதற்குப் பிறகுதான் முதல் துளி என் ஜன்னல் கட்டையில் விழுந்தது. பெரியது. கைக்குட்டை அகலத்துக்குத் தெறித்தது.

அக்டோபர் 17

ஆள் சேதம் இல்லை. ஸ்டெல்லாமேரியின் வீடும் பக்கத்து மூன்று வீடுகளும் பிள்ளைகள் காப்பகமும் ஜன்னல் உயரத்துக்கு மண். ஒரு ஆடு போய்விட்டது.

பள்ளிக்கூடத்துக்குப் போனேன். என்னைக் கண்டதும் எல்லாரும் எழுந்து நின்றார்கள், எனக்குக் கூச்சத்தில் உடம்பு சுருங்கிவிட்டது. ஸ்டெல்லாமேரி மட்டும் எழுந்திருக்கவில்லை. அடுப்பு ஊதிக்கொண்டே, "மேடம், என் டிவி போச்சு, பீரோ போச்சு. கண்ண மூடி மூடித் தொறக்குறேன், புள்ளைங்க எல்லாம் எண்ணிக்கை சரியா இருக்கு. சோறு திங்கிறீங்களா?" என்றாள். அவள் கண்கள் சிவந்திருந்தன. புகையால்தான் என்றாள். நானும் புகை பக்கமாகத் தள்ளி உட்கார்ந்துகொண்டேன்.

மலையிலிருந்த மழைமானியின் எண் இணைப்பு திரும்பியதும் வந்து சேர்ந்தது. என் காகிதக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். ஏறக்குறைய அதே. தலைமை அலுவலகம் வாக்கி-டாக்கி அலைக்கு அனுமதி கொடுத்துவிட்டது, ஜாபர் திங்கட்கிழமை வருகிறான். சந்தோஷப்பட வேண்டியதுதான். ஆனால் நான் அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். வராத ஒன்று இவ்வளவு துல்லியமாகப் பேசுமா என்று பிரமிப்பு இன்னும் அடங்கவில்லை.

அக்டோபர் 19

வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. மாடியில் நின்று அப்பாவைக் கூப்பிட்டேன். போனில் சிக்னல் கோடுகள் எல்லாம் நிமிர்ந்து நின்றன.

"ஏம்மா, அங்க மழையா?"

"பெரிய மழைப்பா. மிளகு மிளகாப் பெஞ்சது." எல்லாம் சொன்னேன், வெயிலில் ஊதிய சங்கு, நடந்து வந்த தேயிலைச் செடிகள். அப்பா உம் கொட்டிக்கொண்டே இருந்தார். முடித்தேன். பேச்சில்லை. ஹலோ என்று கத்த வாயைத் திறந்தேன், அப்போதுதான் பின்னால் கடிகாரம் ஓடும் சத்தம் தெளிவாகக் கேட்டது. மாடத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக் கடிகாரம். தெருவில் ஒரு சைக்கிள் மணி. அப்பா மூச்சு விடுவதுகூடக் கேட்டது. வழியில் ஒரு துளி தடைகூட இல்லை.

மூடியில் தண்ணீர் இல்லை, தட்டு அசையவில்லை, டவர் குற்றமில்லை. ஜூனிலிருந்தே குற்றமில்லை. இதை எழுதுவதற்கு எனக்கு இவ்வளவு நாள் ஆகியிருக்கிறது.

"ஏம்மா," என்றார் அப்பா, "அங்க மழையா?"

"ஆமாப்பா," என்றேன், "பெரிய மழை." முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி சொன்னேன். சங்கு ஊதிய இடத்தில், முதல் தடவை கேட்பவர் போல, "அடேயப்பா!" என்றார்.

ஜாபர் வந்து வேலை முடித்ததும் ஊருக்குக் கிளம்புகிறேன்.